வாசலில் பச்சைப் புல் வேண்டுமா?

புது வீடு கட்டி முடிந்துவிட்டது. கிரகப்பிரவேசமும் நடந்துவிட்டது. வந்த உறவினர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் நிலம் மீதி இருக்கிறது. அதில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் சிதறிக் கிடக்கின்றன.

அந்த இடத்தை என்ன செய்வது? அன்று இரவே வீட்டில் விவாதம் தொடங்குகிறது.

"சிமெண்டு போட்டு மூடிவிடலாம். சேறும் இல்லை, சகதியும் இல்லை" என்கிறார் வீட்டுக்காரர்.

"சினிமாவில் வருகிற பங்களா மாதிரி பச்சைப் புல் போடலாம் அப்பா" என்கிறான் மகன்.

வீட்டு அம்மாளுக்கு நாலு பூச்செடியும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருந்தால் போதும். ஆனால் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வது இல்லை.

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கிற விவாதம் இது. மண் களிமண்ணாக இருந்தால், அப்பா சொல்வதும் தவறு. மகன் சொல்வதும் தவறு. அம்மாள் சொல்வதுதான் ஏறக்குறைய சரி.

ஏன்?

முதலில் மண்ணைப் பார்!

எல்லா மண்ணும் ஒரே மண் அல்ல. சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர இடங்களில் மணல் அதிகம். மேற்கு மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர், பெரம்பூர் போன்ற இடங்களில் களிமண் அதிகம். தெற்கே கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் கரிசல். அதுவும் களிமண் இனத்தைச் சேர்ந்ததே.

தன் வீட்டு மண் எது என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியது இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைத்து, முறுக்கு சுற்றுவதற்குத் திரிப்பது போலத் திரிக்க வேண்டும். உடையாமல் நீளமாக வந்தால், அது களிமண். உதிர்ந்து போனால் மணல்.

களிமண்ணின் துகள் மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 500 பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கை விடச் சிறியது. இத்தனை சிறிய துகள்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகிறது. நனைந்த களிமண்ணில் ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீர்தான் இறங்கும். மீதி மேலே நிற்கும். அல்லது தெருவுக்கு ஓடிவிடும்.

களிமண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். வெயில் காலத்தில் கையை விடும் அளவுக்கு வெடிக்கும். மழைக் காலத்தில் செருப்பைப் பிடித்து இழுக்கும்.

ஆனால் களிமண் கெட்ட மண் அல்ல. அதில் சத்து உண்டு. ஒருமுறை குடித்த தண்ணீரைப் பல நாள் வைத்துக்கொள்ளும். தஞ்சாவூர் நெல்லும் கோவில்பட்டிப் பருத்தியும் இப்படிப்பட்ட மண்ணில் விளைந்தவைதான். அதன் குணம் அறிந்து நடத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு ரயில் தண்ணீர்

இப்போது மகன் கேட்ட பச்சைப் புல்லைப் பார்ப்போம்.

வீட்டு முன் புல்தரை போடும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் முதலில் பெரிய பிரபுக்களின் மாளிகைகளில்தான் அது இருந்தது. ஆட்களை வைத்து அரிவாளால் வெட்டுவார்கள். ஆடுகளையும் மேய விடுவார்கள். 1830-ம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நடுத்தர மக்களின் வீடுகளுக்கும் புல்தரை வந்தது.

இங்கே ஒரு ஆச்சரியம் உண்டு. லண்டனில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர். லண்டனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

அப்படியானால் லண்டனில் வளரும் புல் சென்னையில் ஏன் வாடுகிறது?

லண்டனில் மழை பன்னிரண்டு மாதமும் தூறிக்கொண்டே இருக்கும். வெயிலும் குறைவு. சென்னை மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் கண் திறக்காது. அந்த மாதங்களில் புல்லுக்கு மனிதன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? புல்தரைக்கு வாரம் ஓர் அங்குலம் தண்ணீர் என்பது தோட்டக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. கோடையில் அதற்கு மேலும் கேட்கும். 1,000 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் சுமார் 2,360 லிட்டர். ஒரு குடத்துக்கு 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 157 குடம்!

வாரா வாரம் 157 குடம் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றும் வசதி எத்தனை வீடுகளுக்கு உண்டு?

2019-ம் ஆண்டுக் கோடையைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டன. அந்த ஆண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். ரயில் வந்ததைப் பார்த்து ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

1,000 சதுர அடிப் புல்தரை உள்ள 1,000 வீடுகள், ஒரே ஒரு முறை ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் போதும். அந்த ரயில் தண்ணீர் அநேகமாகத் தீர்ந்துவிடும்! அடுத்த வாரம் இன்னொரு ரயில் வேண்டும்.

பங்களா மாதிரிப் புல்தரையின் உண்மையான விலை இதுதான். புல்லை விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

சிமெண்டுத் தரை சுகமா?

"அதனால்தான் சிமெண்டு போடலாம் என்றேன்" என்று அப்பா சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம்.

சிமெண்டுத் தரை பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கக்குகிறது. மண்ணும் செடியும் ஈரத்தை ஆவியாக விட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கின்றன. சிமெண்டுக்கு அந்த வித்தை தெரியாது. வாசலில் அடுப்பு மூட்டி வைத்துவிட்டு, உள்ளே மின்விசிறியைச் சுற்றவிட்டு என்ன பிரயோசனம்?

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லாரி. தரை முழுவதையும் மூடிவிட்டால் அத்தனையும் தெருவுக்குப் போகும். கார்த்திகையில் இரண்டு லாரித் தண்ணீரைத் தெருவில் விட்ட குடும்பம், சித்திரையில் ஒரு லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறது!

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்தது. அடையாறு பெருகியதும், ஏரிகள் நிரம்பி வழிந்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். சில வீட்டு வாசல்களில் மண் இருந்திருந்தால் அந்த வெள்ளம் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதில் ஒவ்வொரு சிமெண்டு வாசலுக்கும் பங்கு உண்டு.

2003-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. நல்ல சட்டம். ஆனால் பல வீடுகளில் தொட்டி பெயருக்கு இருக்கிறது. உள்ளே மண் அடைத்துக் கிடக்கிறது. களிமண் உள்ள இடத்தில் மேலாகக் குழி தோண்டினால் தண்ணீர் அதிலேயே நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டி, கீழே மணல் அடுக்கு வரும் வரை குழாய் இறக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத் தூர் வார வேண்டும்.

அருகம்புல் இருக்க அலைவது ஏன்?

பச்சைப் புல்லே கூடாதா? கூடும். ஆனால் கொஞ்சமாகக் கூடும். ஊருக்கு ஏற்ற புல்லாகவும் இருக்க வேண்டும்.

அந்தப் புல் வேறு எதுவும் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். மணமக்களை வாழ்த்தும் பெரியவர்களும் அருகம்புல்லைச் சொல்லித்தான் வாழ்த்துவார்கள். அது வேர் ஓடும் அழகு அப்படி!

அமெரிக்காவின் வெப்பமான தென் மாநிலங்களில் வீட்டுப் புல்தரைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் விரும்பிப் போடுவது எது தெரியுமா? இதே அருகம்புல் இனம்தான். அங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். வரப்பில் இலவசமாகக் கிடைக்கும் புல்லை இங்கே களை என்று பிடுங்கி எறிகிறார்கள். பிறகு வேறு புல்லைப் பாயாகச் சுருட்டி விலைக்கு வாங்கி வருகிறார்கள்!

அருகம்புல் வெயிலுக்கு அஞ்சாது. மிதித்தாலும் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பழுப்பாகிவிடும். ஆனால் உடனே செத்துவிடாது. உள்ளே உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். ஆகையால் சித்திரை, வைகாசியில் புல் பழுப்பாக இருந்தால் அதை அவமானமாக நினைக்க வேண்டாம். அது அந்தப் புல்லின் இயற்கை.

ஒரே ஒரு குறை. அதற்கு நல்ல வெயில் வேண்டும். மர நிழலிலும் மதில் நிழலிலும் தேறாது. அங்கே புல்லுக்காகப் போராடாமல் வேறு செடி வைப்பதே புத்திசாலித்தனம்.

குழந்தைகள் விளையாடவும், மாலையில் பெரியவர்கள் பாய் விரித்து உட்காரவும் 200 சதுர அடி போதும். அதற்கு வாரம் ஓர் அங்குலம் என்றால் சுமார் 470 லிட்டர். 157 குடம் எங்கே, 32 குடம் எங்கே!

செய்ய வேண்டியவை

களிமண்ணை இளக்க மணல் கொட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஜாக்கிரதை! கொஞ்சம் மணல் சேர்த்த களிமண், காய்ந்ததும் செங்கல் போல இறுகிவிடும். ஜிப்சம் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சோடியம் உப்பு மிகுந்த களர் நிலத்துக்கு அது நல்ல மருந்து. மற்றக் களிமண்ணுக்குப் பெரிய பலன் தராது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்த பிறகே அதை வாங்க வேண்டும்.

களிமண்ணுக்கு உண்மையான மருந்து மக்கிய எரு. நன்றாக மக்கிய சாண எருவையோ, இலைக் குப்பை எருவையோ இரண்டு அங்குலம் பரப்பி, ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். எரு சேர்ந்தால் களிமண் பொலபொலப்பாகும். மண்புழு வரும். மண்புழு போன வழியே தண்ணீரும் போகும். ஒரு நாளில் நடக்கிற காரியம் அல்ல இது. ஆண்டுதோறும் எரு போட வேண்டும்.

மண் சேறாக இருக்கும்போது கொத்தக் கூடாது. மிதிக்கவும் கூடாது. மிதித்தால் சந்து எல்லாம் அடைத்து, காய்ந்தபின் பாறையாகிவிடும். கையில் பிடித்தால் கட்டியாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் கொத்துகிற பதம்.

தரை மட்டத்தைத் தெருவை நோக்கி ஒரேயடியாகச் சரிக்கக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓட வேண்டும். ஆனால் மதிலுக்குள்ளேயே ஒரு பள்ளத்தில் தங்கி, மெதுவாக இறங்க வேண்டும். ஒரு நாளில் இறங்காமல் மிஞ்சுவது மழைநீர்க் குழிக்குப் போகட்டும்.

புல் நடுவதற்குப் புரட்டாசி நல்ல மாதம். அருகம்புல் துண்டுகளை வேரோடு எடுத்து, நாலு அங்குல இடைவெளியில் ஊன்றிவிட்டால் போதும். மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இடையில் கோரை முளைத்தால் கிழங்கோடு பிடுங்க வேண்டும். மேலே மட்டும் அறுத்தால் மறுபடி வரும்.

தண்ணீர் விடுவதிலும் ஒரு முறை உண்டு. தினமும் கொஞ்சம் தெளிப்பது தவறு. வேர் மேலேயே நின்றுவிடும். விடியற்காலையில் நன்றாக விட வேண்டும். தண்ணீர் தேங்க ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விட வேண்டும். களிமண் குழந்தை மாதிரி. ஒரே மடக்கில் புகட்டினால் துப்பிவிடும்.

அடுத்து எப்போது விடுவது? புல்லின் மேல் நடந்து பார்க்க வேண்டும். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் வேண்டியது இல்லை. காலடித் தடம் அப்படியே இருந்தால் தாகம் என்று அர்த்தம்.

புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. மூன்று அங்குலம் வளர்ந்தால் ஓர் அங்குலம் மட்டும் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை அங்கேயே விட்டால் அதுவே எரு. செடிகளின் காலடியில் காய்ந்த இலையையோ தென்னை நாரையோ பரப்பினால் ஈரம் காயாது, தரை வெடிக்காது.

அம்மாள் கேட்ட செடி

புல் போக மிச்ச இடத்தில் அம்மாள் கேட்ட செடிகளை வைக்கலாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி எல்லாம் கொஞ்சம் பாடுபட்டால் களிமண்ணில் வரும். கறிவேப்பிலைக்கும் பப்பாளிக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அவற்றை ஓர் அடி உயர மேடு கட்டி நட வேண்டும். குளியல் தண்ணீர் போகும் பக்கத்தில் கல்வாழையும் வாழையும் வைத்தால், அந்தத் தண்ணீர் வீணாகாது.

பெரிய மரத்தைச் சுவர் ஓரத்தில் வைக்கக் கூடாது. கோடையில் மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். மண் சுருங்கும். அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடிக்கும். இடம் உள்ளவர்கள் மனையின் தூர மூலையில் நாவலோ புங்கமோ வைக்கலாம். களிமண்ணையும் மழைத் தண்ணீரையும் அவை தாங்கும்.

பயம் வேண்டாம்

"மண் தரையில் கொசு வரும், பாம்பு வரும்" என்ற பயம் பலருக்கு உண்டு. கொசு மண்ணில் பிறப்பது இல்லை. தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. சிமெண்டுத் தரையின் பள்ளத்திலும், மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் அது நன்றாகவே பிறக்கும். வெட்டிப் பராமரித்த புல்லில் பாம்பு ஒளிய இடம் இல்லை. குப்பையும் செங்கல் குவியலும்தான் அதற்கு வீடு.

வயதானவர்கள் சேற்றில் வழுக்கி விழக் கூடாது. அது நியாயமான கவலை. கதவிலிருந்து வாசற்படி வரை மூன்று அடி அகலத்துக்குக் கல் பாவலாம். கார் நிறுத்த, சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் போடலாம். நடக்கிற இடத்துக்குக் கல் வேண்டும். நடக்காத இடத்துக்கு எதற்கு?

ஏற்கெனவே சிமெண்டு போட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மதில் ஓரமாக இரண்டு அடி அகலத்துக்குப் பெயர்த்து எடுத்தாலும் நல்லதே. எரு போட்டு நாலு செடி வைத்தால், அடுத்த மழையில் அந்த இரண்டு அடி மண் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

வீட்டைப் பிள்ளைகளின் பெயரில் எழுதி வைக்கிறார்கள் பெற்றோர்கள். வீட்டோடு நிலத்தடித் தண்ணீரையும் சேர்த்து விட்டுப் போக வேண்டாமா? அதற்குப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியது இல்லை. வாசலில் கொஞ்சம் மண்ணைத் திறந்து வைத்தால் போதும்.

இன்று இரவு அந்த விவாதம் மறுபடி வந்தால், வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்யட்டும். முதலில் அம்மாளைப் பேசவிடட்டும்.